நகைப்பும் நாணயமும்

அழவைக்கும் எழுத்தாளனுக்கு ஆரம் கிடைக்கிறது. அச்சுறுத்தும் எழுத்தாளனுக்கு ஆசனம் கிடைக்கிறது. சிரிக்கவைக்கும் எழுத்தாளனுக்கோ, சிரித்து முடித்த கணத்திலேயே மறதி கிடைக்கிறது! படித்தோம், சிரித்தோம், ஏட்டை மடித்தோம். எழுதியவர் யார் என்று கேட்டோமில்லை. இது நம் நாட்டு வழக்கம். வழக்கம் என்ற ஒரே காரணத்துக்காக எதையும் ஏற்க மறுப்பவர்கள் நாம். எனவே, இந்த வழக்கத்தையும் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பது நம் கடமையாகிறது.

தமிழன் சிரிப்பைத் தாழ்வாக எண்ணியவன் அல்லன். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணத் தொடங்கியபோது, முதல் இடத்தை அழுகைக்குத் தரவில்லை, பெருமிதத்துக்கும் தரவில்லை, நகைக்குத் தந்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடமை என அந்த நகை பிறக்கும் இடங்கள் நான்கையும் வகுத்தார். வள்ளுவரோ, பிறரோடு கலந்து மகிழத் தெரியாதவனுக்குப் பட்டப்பகலும் இருளே என்றார். துன்பம் வரும்போதும் சிரி என்றார். அதே வேளையில், நட்பு என்பது சிரித்துப் பொழுதுபோக்குவதற்கு மட்டும் அன்று, தவறு கண்டால் இடித்துரைப்பதற்கும்தான் என்றார். முதலிடம் தந்த இலக்கணமும், முறை வகுத்த அறநூலும் நம்மிடம் இருக்கின்றன. இருந்தும் சிரிப்பை எழுதுகிறவனை நாம் வாயிற்படியிலேயே நிறுத்திவைக்கிறோம்.

ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். தூத்துக்குடி போன்றதொரு துறைமுக நகரம். அங்கே ஓர் இதழாளர். கப்பல் வந்தது, கப்பல் போனது, உப்பு விலை இறங்கிற்று, புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது, படகுகள் கரை திரும்பவில்லை - இவற்றை எழுதுவது அவர் தொழில். ஒருநாள் அவர் கைக்கு ஒரு சிறு நூல் வருகிறது. எழுதியவர் பெயரை யாரும் கேட்டதில்லை. படித்தவர் சிரிக்கிறார், சிரித்தவர் சிந்திக்கிறார், சிந்தித்தவர், ‘இதை என் ஊரார் படிக்கவேண்டும்’ என்று பேனாவை எடுக்கிறார். எடுத்ததுதான் தாமதம், மூன்று நண்பர்கள் வந்து கையைப் பிடிக்கின்றனர்.

“நாடு எரிகிறது; நகைச்சுவைக்கா இடம்?” என்கிறார் முதலாமவர்.

“சிரிப்பு குத்தும். குத்துப்பட்டவனுக்கு யார் பதில் சொல்வது?” என்கிறார் இரண்டாமவர்.

“சிபாரிசை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் நாம். நீரே சிபாரிசு எழுதலாமா?” என்கிறார் மூன்றாமவர்.

மூன்றும் அலட்சியப்படுத்தத்தக்க கேள்விகள் அல்ல. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

நாடு எரியும்போது நகைச்சுவை எதற்கு? முத்துக்கரையின் பழைய செய்தி ஒன்றே இதற்கு விடை சொல்லும். மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், கடல்கட்டி என்றொருவர் கரையிலே இருந்தார். சுறாமீன்களின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவர் தொழில்! அவர் ஓதினால்தான் குளியாட்கள் துணிந்து இறங்குவர். விஞ்ஞானத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்ததாகப் பெருமை பேசிய ஆங்கில ஆட்சிகூட, சலாபம் தடைப்படுமே என்று அஞ்சி, அந்த மந்திரக்காரரை அரசுச் செலவில் வைத்துக் காத்தது. வருமானம் வருகிறதென்றால், வெள்ளைக்கார அறிவும் விபூதி பூசிக்கொள்ளும் போலும்!

சுறா வராவிட்டால் அது மந்திரத்தின் வெற்றி. வந்துவிட்டாலோ? அதை மந்திரத்தின் தோல்வி என்று எந்த மந்திரக்காரன் இதுவரை ஒப்புக்கொண்டிருக்கிறான்! இந்தப் புரட்டை எதிர்க்க இரண்டு வழிகள் உண்டு. சுறாமீனின் இயல்பு, நீரோட்டம், இரை தேடும் முறை இவற்றை விளக்கிப் பத்துப் பக்கம் எழுதலாம், எழுதத்தான் வேண்டும். ஆனால் ஒரு நகைச்சுவை எழுத்தாளன் ஒரே வரியில் கேட்டுவிடுவான்: “வாய்தான் கட்டியாயிற்றே, இன்று முதல் முழுக்குக் கடல்கட்டியாருடையதாக இருக்கட்டுமே!” பத்துப் பக்கத்தைப் படித்தவன் தலையாட்டுவான். இந்த ஒரு வரியைக் கேட்டவன் மறுநாள் காலையில் கரையிலே நின்று கடல்கட்டியின் முகத்தைப் பார்ப்பான். அச்சம் ஆராய்ச்சியால் குறையும். ஆனால் அச்சத்தை விற்பவனின் கடை, சிரிப்பு நுழைந்தால்தான் மூடப்படும். எனவே, எரிகிற வீட்டில் சிரிப்பும் ஒரு குடம் தண்ணீர்தான்.

இரண்டாவது கேள்வி இன்னும் கடுமையானது. சிரிப்பு குத்துமே, யாரைக் குத்தலாம்?

மீண்டும் அதே கரைக்கு வாருங்கள். கடல்கட்டியைப் பார்த்துச் சிரித்தோம். அவரை நம்பிய குளியாளைப் பார்த்தும் சிரிக்கலாமா? காலிலே கல்லைக் கட்டிய கயிற்றில் நின்று, மூச்சை அடக்கி, ஆழத்துப் பாரிலே இறங்கிச் சிப்பி பொறுக்கியவன் அவன். அள்ளி வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கு அவனுக்கு. அந்தச் சிப்பியும் திறந்து பாராமலே ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் போயிற்று. உள்ளே இருந்த முத்து எந்த ஊர் அரசியின் கழுத்திலே ஆடியது என்பதை அவன் அறியான். உயிரைப் பணயம் வைத்து இறங்குகிறவன், கரையிலே ஒருவன் உதடு அசைத்தால் தைரியம் வருகிறது என்று எண்ணினான். அவன் நம்பிக்கை தவறுதான், அதைத் திருத்தவேண்டியதுதான். ஆனால் அவன் அச்சத்தைக் காட்டி, அவன் பேச்சைக் காட்டி, அவன் கருத்த மேனியைக் காட்டி, மாடியில் இருப்பவர்களைச் சிரிக்கவைத்தால், அது நகைச்சுவை அன்று. நசுக்கப்பட்டவன் முதுகில் வைக்கப்பட்ட இன்னொரு கல்.

ஆகவே, சிரிப்புக்கு ஒரு திசை உண்டு. அடித்தளத்திலிருந்து மேல்நோக்கிப் பாயும் சிரிப்பு அறம். மேலிருந்து கீழ்நோக்கிப் பொழியும் சிரிப்பு ஆணவம். திக்கிப் பேசுபவன், பருத்த உடல் கொண்டவள், நிறம் கருத்தவன், கணவனை இழந்தவள், கடற்கரைத் தமிழ் பேசுபவன் - இவர்களைக் காட்டிக் கைதட்டல் வாங்கும் நகைச்சுவை, மேடையிலும் திரையிலும் மலிந்துகிடக்கிறது. அதை எழுதுபவர் எத்துணைத் திறமையாளராயினும், அவருக்காக ஓர் இதழாளர் தம் பத்தியில் ஒரு வரிகூடச் செலவிடத் தேவையில்லை.

திசையைக் காண்பது எப்போதும் எளிதும் அன்று. அயர்லாந்து ஏழைகளின் குழந்தைகளை உணவாக்கிவிடலாம் என்று 1729இல் ஒரு திட்டம் தீட்டினார் ஜோனதன் ஸ்விப்ட். மேலோட்டமாகப் பார்ப்பவனுக்கு அது ஏழையை ஏளனம் செய்வதாகத் தோன்றும். உண்மையில், உழுபவனை உறிஞ்சிய நிலக்கிழார்களின் முகத்திலே விழுந்த அறை அது. இத்தகைய எழுத்தை முதன்முதல் படிப்பவனின் தோளைத் தொட்டு, ‘நண்பா, கத்தியின் முனை எந்தப் பக்கம் இருக்கிறது, பார்’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். இதழாளரின் பரிந்துரைக்கு முதல் பயன் இதுவே.

இன்னொரு சோதனையும் உண்டு. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் காமநாயக்கன்பட்டியில் சமயப் பணி செய்தவர் வீரமாமுனிவர். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரிலே தோய்த்துப் பார்த்த பரமார்த்த குருவையும், மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற அவருடைய ஐந்து சீடர்களையும் படைத்தவர் அவர். அவர் மறைந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகு, 1822இல், பெஞ்சமின் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சிட்ட பின்னரே அந்தக் கதை வெளியுலகம் கண்டது. குரு சொன்னால் சரியென்று கண்ணை மூடிப் பின்தொடரும் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கவைக்கிறது அது. மேல்நோக்கிய சிரிப்புத்தான், ஐயமில்லை. ஆயினும் பகுத்தறிவாளன் ஒரு கேள்வியைக் கேட்காமல் விடமாட்டான்: பிறர் மடத்துக் குருவைப் பார்த்து இவ்வளவு அழகாகச் சிரித்த அந்தப் பெரியவர், தம் மடத்துக் குருமாரைப் பார்த்து ஒருமுறையேனும் சிரித்தாரா?

இந்தக் கேள்வியை வீரமாமுனிவரிடம் கேட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அது திரும்பி நம்மிடமே வருகிறது. வைதிகனைப் பார்த்துச் சிரிக்கும் எழுத்தை நாம் விரும்பிப் படிக்கிறோம். நம் மேடையிலே நடக்கும் பொன்னாடைப் போர்களைப் பார்த்து, தெருவை மறைக்கும் பதாகைகளைப் பார்த்து, பட்டங்களைப் பெயருக்கு முன்னே இரயில் பெட்டிகளைப் போல் கோத்துக்கொள்ளும் ஆசையைப் பார்த்து, சிலையை உடைக்கச் சொன்ன கைகளாலேயே சிலைக்கு மாலை தொடுக்கும் வேடிக்கையைப் பார்த்து ஒருவர் சிரித்து எழுதினால்? அவரையும் நம் இதழாளர் பரிந்துரைப்பாரா? பரிந்துரைத்தால் நாம் பொறுப்போமா? மாற்றான் மடமைக்குச் சிரித்து, தன் மடமைக்குச் சினப்பவன் பாதிப் பகுத்தறிவாளன்தான். மறுபாதி அவனுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் பரமார்த்த குரு!

இனி மூன்றாவது கேள்வி. பரிந்துரை என்பது சிபாரிசுதானே?

இல்லை. இரண்டும் வேறு, வேறு. சிபாரிசு கதவுக்குப் பின்னே நடப்பது. பரிந்துரை ஊர் நடுவே நடப்பது. சிபாரிசு, ஒருவனுக்கு உரியதைப் பிடுங்கி இன்னொருவனுக்குத் தருவது. பரிந்துரை யாருடைய பங்கையும் பிடுங்குவதில்லை, படிப்பவனின் அரைமணி நேரத்தை மட்டுமே கேட்கிறது. சிபாரிசு செய்தவன் பெயர் வெளியே தெரியாது. பரிந்துரைத்தவனோ தன் பெயரைக் கீழே பொறித்துவிடுகிறான். சரக்குச் சொத்தையென்றால் சந்தி சிரிப்பது அவனைப் பார்த்துத்தான். ‘நம்மவர், நம் தெருக்காரர், நம் சாதிக்காரர், நம் கட்சிக்காரர்’ என்று சொல்லப்படும்போது பரிந்துரை செத்து, சிபாரிசு பிறக்கிறது. ‘நான் படித்தேன், இன்ன இடத்தில் சிரித்தேன், இன்ன காரணத்தால் சிந்தித்தேன், இன்ன இடத்தில் சறுக்கியிருக்கிறார், நீங்களும் படித்துப் பார்த்து என்னோடு வாதாடுங்கள்’ என்று சொல்லும்போது பரிந்துரை பிழைக்கிறது. நகைப்பை எழுதியவனுக்குத் திறமை வேண்டும்; அதைப் பரிந்துரைப்பவனுக்கு நாணயம் வேண்டும்.

நாணயமான பரிந்துரை என்ன செய்யும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டாம். எட்டயபுரத்துப் பாரதியார் புதுவையில் இருந்தபோது, கனகசுப்புரத்தினம் என்ற இளம் பள்ளியாசிரியரின் பாடலை, தம் கவிதைக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்ற குறிப்போடு சுதேசமித்திரனுக்கு அனுப்பிவைத்தார். சாதி பார்த்தாரா? ஊர் பார்த்தாரா? இல்லை, பாட்டைப் பார்த்தார். அந்தப் பள்ளியாசிரியரே பின்னாளில் நம் புரட்சிக்கவிஞர் பாரதிதாசன். அவருடைய முதல் கவிதைத் தொகுதி 1938இல் வெளிவந்தபோது, அதை வெளியிட முன்வந்தவரும் ஓர் ஆசிரியையே: குஞ்சிதம் குருசாமி அம்மையார்.

கவிஞருக்குக் கை கொடுக்க ஆள் கிடைத்தது. அந்த அம்மையாரின் துணைவரான நகைச்சுவை எழுத்தாளருக்குக் கிடைத்ததா? அந்தத் துணைவர்தாம் குத்தூசி குருசாமி. இந்தப் பெயரைச் சொன்னதும் முகம் மலரும் முதியவர்கள் உண்டு, ‘யார் அவர்?’ என்று கேட்கும் இளைஞர்களோ மிகப் பலர். 1906இல் தஞ்சைத் தரணியின் குருவிக்கரம்பையில் பிறந்தவர். 1928இல் தொடங்கப்பட்ட ‘ரிவோல்ட்’ என்ற ஆங்கில ஏட்டில் பெரியாருக்குத் துணைநின்றவர். 1929இல் சாதி மறுத்துக் குஞ்சிதத்தை மணந்து, எழுதியதை வாழ்ந்தும் காட்டியவர். ‘விடுதலை’ ஏட்டில் ‘பலசரக்கு மூட்டை’ என்ற தலைப்பில் நாள்தோறும் மடமையின் மீது ஊசி ஏற்றியவர். 1965இல் மறைந்தார்.

அவர் கொண்ட புனைபெயரின் பொருத்தத்தைத் துறைமுகத்துக்காரர்கள் நன்கு அறிவார்கள். பண்டசாலையிலே அடுக்கிவைத்த மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. குத்தூசியை எடுத்து ஒரு குத்து. உள்ளேயிருந்து ஒரு பிடி தானியம் உள்ளங்கைக்கு வந்துவிடும். மேலே ஒட்டிய சீட்டு என்ன சொன்னாலும், உள்ளே இருப்பது அரிசியா உமியா என்று தெரிந்துவிடும். குருசாமியின் எழுத்து செய்ததும் அதுவே. அன்றாடச் செய்தியிலிருந்து ஒரு துணுக்கை எடுப்பார். சொன்னவர் சொன்னதை முழுக்க நம்புவதுபோல் நடிப்பார். அந்த நம்பிக்கையின் கையைப் பிடித்து, அது போகவேண்டிய கடைசிப் படிவரை அழைத்துச் செல்வார். படியின் முடிவில் நிற்பது அபத்தம்! படிப்பவன் சிரிப்பான். சிரித்த பிறகு அவனால் பழையபடி நம்ப முடியாது. கோபித்துக்கொண்டு எழுதியவருக்கு மறுப்பு எழுதலாம். சிரிக்கவைத்தவருக்கு என்ன மறுப்பு எழுதுவது?

இப்படிப்பட்டவர் ஏன் மறக்கப்பட்டார்? நாளேட்டில் எழுதியது ஒரு காரணம். நேற்றைய ஏட்டில் இன்று கடலை மடிக்கிறார்கள். சிரிப்பு மலிவானது என்ற எண்ணம் இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்தைச் சொல்லச் சற்றுத் துணிவு வேண்டும். 1962இல் அவர் பெரியாரிடமிருந்து பிரிந்தார். தனி வழி கண்டார். பிரிந்தவரின் எழுத்தைப் பேசினால் பிரிவை ஆதரித்ததாகிவிடுமோ என்று ஒரு சாரார் வாய்மூடினர். இது நம் இயக்கங்களுக்கு உள்ள பொதுநோய். எவர் எந்த ஆண்டில் எவரோடு இருந்தார் என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே அவர் எழுதியதற்குச் சிரிக்கலாமா என்று முடிவு செய்கிறோம்! பிரிவின் நியாய அநியாயம் வரலாற்றாசிரியனின் வேலை. எழுத்தின் தரம் படிப்பவனின் வேலை. முன்னதைக் காட்டிப் பின்னதைப் புதைப்பது, ‘இவன் எந்தக் குலம்’ என்று கேட்டுவிட்டுப் பாட்டைக் கேட்கும் பழைய புத்தியின் புதிய உருவம் அல்லவா? பெரியாரே ‘சித்திரபுத்திரன்’ என்ற பெயரில் ‘குடிஅரசு’ ஏட்டில் நையாண்டி எழுதியவர். சிரிப்பின் வலிமையை அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதை மறந்தவர்கள் நாம்தாம்.

உலகத்தைப் பாருங்கள். அமெரிக்காவில், வெள்ளிச் சுரங்கத்தை நம்பி எழுந்த வர்ஜீனியா சிட்டி என்ற ஊரில், உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் செய்தி எழுதிக்கொண்டிருந்தார் ஓர் இளைஞர். 1863ஆம் ஆண்டு இறுதியில் அந்த ஊருக்கு வந்தார் ஆர்ட்டிமஸ் வார்டு; அன்று நாடறிந்த நகைச்சுவைப் பேச்சாளர், பத்திரிகையாளர். இளைஞரின் எழுத்திலே சரக்கு இருப்பதைக் கண்டார். போட்டியாளன் என்று ஒதுக்கவில்லை; ‘நியூயார்க் ஏடுகளுக்கு எழுது’ என்று தூண்டினார். பின்னர்த் தம் நூலுக்கே ஒரு கதை கேட்டார். கதை காலம் தாழ்ந்து போய்ச் சேர்ந்தது. ஆகவே 1865 நவம்பரில் வேறோர் ஏட்டில் வெளிவந்தது. துள்ளும் தவளையைப் பற்றிய அந்தக் கதையால் நாடு முழுவதும் அறிமுகமானவர் மார்க் ட்வைன்! அடிமை முறையையும், பேரரசு வெறியையும், போலிப் பக்தியையும் பின்னாளில் தம் சிரிப்பால் சாடியவர் அவர். ஆர்ட்டிமஸ் வார்டோ 1867இலேயே, முப்பத்து மூன்று வயதை எட்டுமுன் மறைந்தார். இன்று மார்க் ட்வைனை உலகம் அறியும். வார்டை அறிந்தவர் சிலரே. அதனால் என்ன குறைந்தது? ஒருவரை உயர்த்துவதற்காகத் தன் பெயரைச் செலவிட்டவன் நட்டமடைந்ததாகக் கணக்கு எழுதுவது வாணிகனின் வழக்கம். எழுத்தாளனின் வழக்கம் அன்று.

நமக்கு அருகிலேயே அப்படிப்பட்டவர்கள் இருந்தனர். நெல்லைச் சீமையின் இராசவல்லிபுரத்தைச் சேர்ந்த வல்லிக்கண்ணன், ‘நையாண்டி பாரதி’ என்ற பெயரில் தாமே கேலி எழுதியவர். ஆனால் பிறர் எழுத்தைப் படித்துப் பாராட்டிக் கடிதம் எழுதுவதில் அவர் செலவிட்ட நேரத்துக்கு அளவே இல்லை. 2006இல் அவர் மறையும்வரை அது ஓயவில்லை. நெல்லையின் தி.க.சிவசங்கரனும் அப்படியே, 2014இல் மறையும்வரை, முன்பின் அறியாத இளைஞர்களுக்கு அவர் எழுதிய அஞ்சலட்டைகள் எத்தனை, எத்தனை! இவர்கள் நம் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். அதனாலேயே இவர்களைச் சொல்லவேண்டும். அஞ்சலட்டைக்குக் கொள்கை வேலியில்லை. ஒரு நல்ல எழுத்தைக் கண்டால் நல்லது என்று சொல்லும் நேர்மை இருந்தால் போதும்.

தூத்துக்குடியில் முத்துச் சலாபம் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆனால் அந்தத் தொழிலின் ஒரு பாடம் நிற்கவில்லை. குளியாள் கடலுக்குள் இறங்கும்போது, படகிலே ஒருவர் அவன் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து கயிறு அசைந்ததும் இழுத்து மேலே கொண்டுவரவேண்டியது அவர் பொறுப்பு. தங்கை தாலி அறுக்கச் சம்மதிக்கமாட்டானென்று மைத்துனனைத்தான் அந்த இடத்தில் நிறுத்துவார்கள் என்று கரையிலே சொல்வதுண்டு. முத்து எடுத்தவன் என்ற பெயர் குளியாளுக்குத்தான். கயிறு பிடித்தவனுக்கு இல்லை. ஆனால் அவன் கண் அயர்ந்தால் முத்தும் இல்லை, மனிதனும் இல்லை.

எழுத்துலகில் அந்தக் கயிற்றைப் பிடிப்பவரே இதழாளர். அங்கே உறவு பார்த்துக் கயிற்றைக் கொடுத்தார்கள். இங்கே உறவு பாராமல் பிடிப்பவர் வேண்டும். புகழ்பெற்றவரைப் புகழ அவர் தேவையில்லை. அவருக்கு ஆயிரம் கைகள் உண்டு. ஆழத்திலே இருப்பவரின் கயிறு அசைகிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை.

தோழர்களே! உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் பலகை ஒன்று இருக்கும். கூட்ட அறிவிப்பும் இரங்கல் செய்தியும் எழுதும் பலகை. அதில் வாரம் ஒரு மூலையை ஒதுக்குங்கள். குருசாமியின் ‘பலசரக்கு மூட்டை’யில் ஒன்றைப் படித்துவிட்டு, அது எதைக் குத்துகிறது என்று நான்கு வரி எழுதுங்கள். அடுத்த வாரம், உங்கள் ஊரிலேயே கையெழுத்து ஏட்டில் கேலி எழுதிக்கொண்டிருக்கும் பெயர் தெரியாத ஒருவரைப் பற்றி எழுதுங்கள். அவர் மேல்நோக்கிச் சிரிக்கிறாரா என்று பாருங்கள். நம்மைப் பார்த்தும் சிரிக்கிறாரா என்று பாருங்கள். சிரித்தால் இன்னும் இரண்டு வரி கூட்டி எழுதுங்கள். கீழே உங்கள் பெயரைத் தவறாமல் போடுங்கள்.